தேய்த்தால் தேய்மானம்!

மூன்று வருஷம் பி.காம். படித்தேன். அதில் 'தேய்மானம்' என்று ஒரு பாடம். நேர்கோட்டு முறை, குறைந்து செல் மதிப்பு முறை என்று அதில் பல முறைகள். பரீட்சையில் பெரிய கேள்வியாக வரும். மனப்பாடம் செய்து எழுதி மார்க்கும் வாங்கினேன். ஆனால், 'தேய்த்தால் வருவதுதான் தேய்மானம்' என்கிற எளிய உண்மை எனக்குப் புரிந்தது முப்பத்தாறாவது வயதில், சௌகார்பேட்டையில் ஒரு சந்துக்குள்!

விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் வில்லிவாக்கம் வீட்டு ஓனர் நல்ல மனிதர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "அட்வான்ஸ்ல இன்னும் ஒரு இருபதாயிரம் போட்டுடுங்க சார். அடுத்த மாசத்துக்குள்ள குடுத்தாப் போதும்!" பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதிப் பிழைக்கிறவனிடம் இருபதாயிரம் கேட்பது, காக்காவிடம் வெள்ளைச் சாயம் கேட்பது மாதிரி. சமையலறையிலிருந்து அம்மா இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றும் பேசவில்லை. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம், பூஜை அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு சுருக்குப்பையை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"உங்க பாட்டியோடது. எனக்கு எதுக்குடா இது? வித்துட்டு அவர் மூஞ்சியில குடு."

கொட்டினால்... பதினொரு வெள்ளி ரூபாய்கள். விக்டோரியா மகாராணி, கிரீடமில்லாமல் வழுக்கைத் தலையோடு எட்வர்ட், யானை போட்ட அங்கியில் ஐந்தாம் ஜார்ஜ். எல்லோரும் கறுப்பாக இருந்தார்கள். லண்டன்காரர்கள் மாதிரி தெரியவில்லை. மே மாசம் மெரீனாவில் சுண்டல் விற்றவர்கள் மாதிரி இருந்தார்கள்.

பழைய ஸ்கூட்டரை விற்பதற்கு முன் வாட்டர் வாஷ் செய்வோமா மாட்டோமா? அதே லாஜிக்தான். ஞாயிற்றுக்கிழமை காலை பாத்ரூம் வாசலில் கடை விரித்தேன். இரண்டு காசுக்கு டூத் பேஸ்ட்டும் பழைய பிரஷ்ஷும். மூன்றுக்குப் புளியும் பாத்திரம் தேய்க்கும் பவுடரும் தேங்காய் நாரும். இரண்டுக்கு விபூதி. (வெள்ளி விளக்கை அம்மா அப்படித்தான் துடைப்பாள். குடும்ப ஃபார்முலா!) ஏழு காசு முடிந்தபோது கை வலித்தது. டி.வி.யில் கிரிக்கெட் ஆரம்பித்துவிட்டது. மிச்சம் நாலு காசு அப்படியே கிடந்தது.

கிரிக்கெட்டை யாராவது திட்டினால் இனி நான் சும்மா இருக்கமாட்டேன். அந்த நாலு காசும் பிழைத்தது கிரிக்கெட்டால்தான்!

* * *

வியாழக்கிழமை மின்சார ரயிலில் சென்ட்ரலில் இறங்கி, வால்டாக்ஸ் ரோடில் நடந்து, யானைகவுனி வழியாகத் திரும்பினால் தங்கசாலைத் தெரு. 'மின்ட் ஸ்ட்ரீட்' என்றால்தான் ஆட்டோக்காரருக்குப் புரியும்.

இந்தத் தெருவில் நடப்பது ஒரு கலை. இடது காலை வைக்கும்போது வலது காலுக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். முன்னால் ஒரு மீன்பாடி வண்டி, பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள், நடுவில் எதைப் பற்றியும் கவலைப்படாமல் ஒரு பசு. ஒரு பக்கம் ஜிலேபி கொதிக்கிற நெய் வாசனை. இன்னொரு பக்கம், முறுக்குக்கு நடுவே தக்காளியும் வெள்ளரிக்காயும் வைத்து 'முறுக்கு சாண்ட்விச்' என்கிறார்கள். சாப்பிட்டேன். நம்ம ஊர் முறுக்குக்கும் வடக்கத்திச் சட்னிக்கும் ஜாதகப் பொருத்தம் பிரமாதம்!

தெருவுக்குப் பெயர் வந்த கதை வடக்குக் கோடியில், மணிக்கூண்டுப் பக்கம் இருக்கிறது. கோட்டைக்குள் இருந்த கம்பெனிக்காரர்களின் நாணயச்சாலை 1840-களில் இந்தத் தெருவுக்கு வந்தது. பெயர் தங்கசாலையே தவிர, வெள்ளியும் செம்பும்கூட அடித்தார்கள். 1869-ல் மூடிவிட்டார்கள். அந்த இடம் அப்புறம் அரசாங்க அச்சகமாயிற்று. வெள்ளியில் அச்சடித்த இடத்தில் காகிதத்தில் அச்சடிப்பு. பேப்பரில் எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் இதை முன்னேற்றம் என்றுதான் சொல்லவேண்டும்.

முதலில் ஒரு வெள்ளிக்கடைக்குள் நுழைந்தேன். சேட்டு சினிமாவில் வருகிற மாதிரி, 'நம்பள்கி நிம்பள்கி' என்று பேசுவார் என எதிர்பார்த்தேன். என்னைவிட நல்ல தமிழ் பேசினார்.

பளபளவென்றிருந்த ஏழு காசையும் தராசில் வைத்தார். எண்பத்தொரு கிராம் சொச்சம். அந்தக் கால ரூபாய் ஒவ்வொன்றும் ஒரு தோலா. அதாவது 11.66 கிராம். அதில் பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி, ஒரு பங்கு செம்பு. அப்படிப் பார்த்தால் ஏழு காசிலும் சேர்த்து 75 கிராமுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுத்த வெள்ளி. (பி.காம். வீண்போகவில்லை.)

"இந்த ஏழையும் எடைக்கு எடுத்துக்கறேன் சார். ஆனா அந்தக் கறுப்பு நாலையும் நான் எடைக்கு வாங்கினா பாவம். பின்னாடி சந்துல ஒரு பெரியவர் இருக்கார். பழைய காசு பார்க்கறவர். முதல்ல எல்லாத்தையும் அவர்ட்ட காட்டிட்டு வாங்க."

வியாபாரத்தை வேண்டாம் என்று சொன்ன முதல் மனிதரை அன்றுதான் பார்த்தேன்.

* * *

சந்துக்குள் சந்து. மாடிப்படிக்கு அடியில் ஒரு அறை. ஒரு மேஜை, ஒரு குண்டு பல்பு, எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர். நான் பெருமையாகப் பளபளக் காசுகளை முதலில் வைத்தேன். அவர் ஒன்றை எடுத்தார். முகத்தில் விரல் படாமல், விளிம்பில் இரண்டு விரலால் பிடித்து, பல்புக்குக் கீழே மெதுவாகச் சாய்த்தார்.

"யாரு தம்பி இதைக் குளிப்பாட்டினது?"

"நான்தாங்க ஐயா!"

"எதைப் போட்டு?"

சொன்னேன். பேஸ்ட், புளி, பவுடர், விபூதி. பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். துக்கம் விசாரிக்கப் போன வீட்டில் உட்காருகிற மாதிரி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். அப்புறம் ஒரு பூதக்கண்ணாடியை என்னிடம் நீட்டினார்.

பார்த்தேன். மழை பெய்த மைதானத்தில் நூறு பையன்கள் சைக்கிள் விட்ட மாதிரி ஜார்ஜ் மன்னரின் கன்னம் பூராவும் கோடு கோடாகக் கீறல்!

"பேஸ்ட்ல இருக்கறது மெல்லிசான மணல் மாதிரிதான் தம்பி. பல்லு தாங்கும், வெள்ளி தாங்காது. பவுடரும் நாரும் அதைவிட மோசம். விபூதி ரொம்ப நைஸா இருக்கும், விளக்குக்குச் சரி. காசுக்கு அதுவும் கூடாது. சரி, இது எந்த வருஷம்னு பாத்தியா?"

1911.

"மன்னரோட அங்கியில தொங்குற சங்கிலியில ஒரு குட்டி யானை இருக்கும், பாரு. அந்த வருஷம் தும்பிக்கை குட்டையா விழுந்து, அது பன்னி மாதிரி இருக்குன்னு ஊரே பேச ஆரம்பிச்சிருச்சு. வெளியே விட்டது கொஞ்சம். மிச்சத்தை உருக்கிட்டாங்க. 1912-ல யானையை மாத்திட்டாங்க. அதனால 1911-னா தேடுவாங்க. கறுப்பாவே கொண்டாந்திருந்தா எடை விலையைப் போலப் பல மடங்கு. இப்ப... யானைக்காக எடைக்கு மேல கொஞ்சம் போட்டுத் தரேன்."

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். தேய்த்தால் கிடையாது!

"கறுப்பு அழுக்குதானே ஐயா? அதை எடுத்தா என்ன தப்பு?" என்று கேட்டேன். தோற்றவனின் வீம்பு.

"அழுக்கு வேற, கறுப்பு வேற தம்பி. அழுக்கு வெளியிலேர்ந்து வந்து ஒட்டுறது. கறுப்பு காசோட சொந்த வெள்ளி."

பொறுமையாக விளக்கினார். காற்றில் கந்தகம் கலந்த வாயு எப்போதும் கொஞ்சம் இருக்கும். அழுகின முட்டை வாசனை வருமே, அதுதான். ஈரத்தோடு அது சேரும்போது, காசின் மேல்தோலில் இருக்கும் வெள்ளி அதோடு கூடி 'சில்வர் சல்ஃபைட்' ஆகிவிடுகிறது. முதலில் லேசான மஞ்சள், அப்புறம் செம்மை, ஊதா, நீலம், கடைசியில் கறுப்பு. ஆக, கறுப்பைச் சுரண்டினால் கூடவே போவது வெள்ளி. ஒவ்வொரு தடவை 'சுத்தம்' செய்யும்போதும் காசின் தோல் ஒரு சுற்று உரிகிறது.

சென்ட்ரலிலிருந்து கூவத்தின் வாசனையை முகர்ந்தபடி வந்தவன் நான். மெட்ராஸில் வெள்ளி ஏன் இவ்வளவு சீக்கிரம் கறுக்கிறது என்பது சட்டென்று விளங்கியது. கூவத்தின் அந்தப் புகழ்பெற்ற மணத்தில் இந்த வாயுவுக்குப் பெரும் பங்கு உண்டு!

"ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாதே, அதுல கந்தகம் இருக்கு. நியூஸ் பேப்பர்ல மடிக்காதே, அதுவும் ஆகாது. லேசா, சமமாப் படிஞ்ச கறுப்பு இருக்கே... அது காசுக்குச் சட்டை மாதிரி. அதை ஏன் கழட்டணும்?"

அச்சு விழும்போது வெள்ளி நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடுமாம். அந்த ஓட்டத்தின் கண்ணுக்குத் தெரியாத வரிகள்தான், காசைச் சாய்க்கும்போது வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி ஒளியைச் சுழல வைக்கின்றன. தேயாத காசுக்கு அடையாளமே அதுதான். கறுப்பு காசு ஒன்றைச் சாய்த்துக் காட்டினார். கறுப்புக்கு அடியிலிருந்து அந்தச் சக்கரம் சுழன்றது! என் பளபளப்பில் ஒன்றும் சுழலவில்லை. எவர்சில்வர் டம்ளர் மாதிரி முழித்துக்கொண்டிருந்தது.

"அலுமினியத் தாளும் ஆப்ப சோடாவும் வெந்நீரும் போட்டா தானா வெளுக்கும்னு சொல்றாங்களே?"

"வெளுக்கும். கந்தகத்தை அலுமினியம் வாங்கிக்கும். வெள்ளி திரும்பக் காசு மேலேயே உட்காரும். ஆனா பழைய மாதிரி உட்காராது, சொரசொரன்னு உட்காரும். காசு செத்த வெளுப்பா இருக்கும். உங்க வீட்டுக் கிண்ணத்துக்குச் செய்யி, தப்பில்லை. காசுக்கு வேணாம்."

* * *

மிச்சமிருந்த நாலு காசில் ஒன்றை நான் போன வருஷம் ஒரு பிளாஸ்டிக் ஆல்பம் தாளில் செருகி வைத்திருந்தேன். அதன் மேல் பச்சையாக, பிசுபிசுவென்று ஏதோ படர்ந்திருந்தது.

"இது அழுக்கு!" என்று பெரியவர் உற்சாகமானார். "மலிவான பி.வி.சி. தாள்லேர்ந்து கசியறது. இதை விட்டா காசைத் தின்னுடும். இதை எடுத்தே ஆகணும்."

ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் சுத்தமான அசிடோன் ஊற்றினார். (நகப்பூச்சு அழிக்கிற திரவம் கூடாதாம். அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். பிளாஸ்டிக் கிண்ணமும் கூடாது, கரைந்துவிடும்.) ஜன்னலைத் திறந்தார். பத்தி, தீக்குச்சி எதுவும் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டார். காசை உள்ளே விட்டார். தேய்க்கவில்லை. காத்திருந்தார். அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் பச்சை நெகிழ்ந்து பிரிந்தது. புது அசிடோனில் இன்னொரு முங்கு. எடுத்து மெல்லிய துணி மேல் வைத்து, குழந்தைக்குத் தலை துவட்டுவதைவிட மெதுவாக ஒற்றினார். பச்சை போய்விட்டது. கறுப்பு அப்படியே இருந்தது!

"வெறும் மண்ணு, தூசின்னா டிஸ்டில்ட் வாட்டர்ல ஒரு நாள் ஊறப் போடு, போதும். கன்னங்கரேல்னு கட்டியாப் போயிருந்தா கைபழகினவங்ககிட்ட குடு. நீயா எதுவும் பண்ணாதே. திங்கற அழுக்கை எடு, காக்கற கறுப்பை விடு. எங்க தொழில்ல மொத்தப் பாடமும் இதுதான்."

நான் மூன்று வருஷம் படித்ததை இவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

கடைசிக் காசைக் கையிலெடுத்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். விக்டோரியா, 1862.

"1862-ன்னு போட்டு கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ் மூணு ஊர்லயும் அடிச்சாங்க. அப்புறம் பல வருஷம் அதே 1862-ஐ மாத்தாமலே அடிச்சாங்க. இது எந்த ஊர்னு லேசுல சொல்லிட முடியாது. மெட்ராஸ்னா... இதோ, இந்தத் தெருக்கோடியிலதான் பொறந்திருக்கும்."

எனக்குச் சிலிர்த்தது. ஒரு ரூபாய் நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஊரெல்லாம் சுற்றிவிட்டு, பிறந்த தெருவுக்கே என் சட்டைப்பையில் வந்திருக்கிறது. இருக்கலாம், அவ்வளவுதான். ஆனால் 'இருக்கலாம்' என்பதே போதுமாக இருந்தது.

"எழுத்துக்கு நடுவுல சிவப்பா என்னமோ இருக்கே?" பூதக்கண்ணாடியில் பார்த்தார். "குங்குமம். சந்தனமும் இருக்கு. டிஸ்டில்ட் வாட்டர்ல ஊறப் போட்டா வந்துரும். சுத்தம் பண்ணினா விலை கூடும். எடுக்கட்டுமா?"

எடுங்க என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஏழு காசின் ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டேன்.

"யோசிச்சுச் சொல்றேங்க ஐயா."

"நல்லது. எழும்பூர் மியூசியம் போயிட்டு வா. அங்க எப்படி வச்சிருக்காங்கன்னு பாத்துட்டுச் சொல்லு."

* * *

வெள்ளி பார்க்க வெள்ளிக்கிழமையே போனேன். வெள்ளிக்கிழமை மியூசியத்துக்கு லீவு!

சனிக்கிழமை மறுபடி போனேன். 1851-ல் தொடங்கிய மியூசியம். பாந்தியன் சாலையில் எத்தனையோ தடவை பஸ்ஸில் தாண்டியிருக்கிறேன். பள்ளிக்கூட எக்ஸ்கர்ஷனில் திமிங்கில எலும்பு பார்த்ததோடு சரி.

முதலில் செப்புத் திருமேனிகள். எங்கள் வில்லிவாக்கம் ரயில் போகிற அதே லைனில் இருக்கும் திருவாலங்காட்டு நடராஜர் இங்கேதான் ஆடிக்கொண்டிருக்கிறார். வார்த்த புதிதில் அவர் தகதகவென்று இருந்திருப்பார். இப்போது கருமையும் பசுமையுமாக ஒரு நிறம். புளி போட்டு விளக்கவேண்டும் என்று யாருக்காவது தோன்றுமா? தோன்றாது. தோன்றினால் கையைப் பிடித்துத் தடுப்போம். அதே நியாயத்தை ஒரு ரூபாய்க் காசுக்குக் கொடுக்க மட்டும் நமக்கு மனசு வருவதில்லை.

அதற்காக இங்கே எதையுமே தொடாமல் விட்டார்கள் என்று அர்த்தமில்லை. 1930-லேயே இந்த மியூசியத்தில் ஒரு வேதியியல் ஆய்வுக்கூடம் வந்துவிட்டது. டாக்டர் எஸ். பரமசிவன் என்ற தமிழர் அதை வளர்த்தார். சில பழைய வெண்கலங்களை உப்பு உள்ளிருந்தே அரித்துத் தூளாக்கும். அந்த அரிப்பை மின்சாரம் செலுத்தி நீக்கும் வேலையை அவர்கள் அப்போதே செய்தார்கள். திங்கிற அழுக்கை எடு! சந்துக்குள் பெரியவர் சொன்னதும், விஞ்ஞானி செய்ததும் ஒன்றுதான்.

காசுகள் இருக்கும் பகுதியில் ரொம்ப நேரம் நின்றேன். இரண்டாயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட முத்திரைக் காசுகள். கொங்குநாட்டு மண்ணிலிருந்து கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகள், அகஸ்டஸ், டைபீரியஸ் முகங்களோடு. மிளகு வாங்க வந்த காசுகள். ஒன்றுகூடப் பளபளக்கவில்லை. சாம்பல் நிறத்தில் அமைதியாக இருந்தன. தாத்தாக்கள் திண்ணையில் உட்கார்ந்திருப்பது மாதிரி. தாத்தாவுக்குத் தலைமுடிக்கு டை அடித்து, முகத்துக்குப் பவுடர் போட்டால் எப்படி இருக்கும்? அதைத்தான் ஞாயிற்றுக்கிழமை நான் ஏழு பேருக்குச் செய்திருக்கிறேன்!

* * *

திங்கட்கிழமை பெரியவரிடம் போவதற்கு முன், அம்மாவிடம் 1862-ஐக் காட்டினேன்.

"அம்மா, இதுல குங்குமம் ஒட்டியிருக்கு. எடுத்தா விலை கூடுமாம். எடுக்கலாமா?"

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். நான் சொல்லிக்கொடுக்காமலே விளிம்பில்தான் பிடித்தாள்.

"உங்க பாட்டி வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை இதுக்குத்தான்டா பொட்டு வைப்பா. நான் கல்யாணமாகி வந்ததுலேர்ந்து பாத்திருக்கேன். தாத்தா போனதுக்கப்புறம் அவ நெத்தியில வச்சுக்கலை. இதுக்கு வைக்கறதை மட்டும் நிறுத்தலை." கொஞ்ச நேரம் பேசவில்லை. "எடுத்துடு. விலை கூடும்னா எடுத்துடு. வீட்டு அட்வான்ஸ்தானே முக்கியம்."

நான் எடுக்கவில்லை.

பெரியவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் அந்தக் காசை வாங்கி, ஒரு தடவை கண்ணில் ஒற்றிக்கொண்டார். கந்தகமும் பி.வி.சி.யும் இல்லாத ஒரு சின்ன உறையில் போட்டு, காசு வாங்காமல் என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"அழுக்கு ஒண்ணு, கறுப்பு ஒண்ணுன்னு உனக்கு ரெண்டுதான் சொன்னேன். இது மூணாவது. இது காய்ஞ்சு கிடக்கிற வரைக்கும் காசை ஒண்ணும் பண்ணாது. ஈரம் மட்டும் படாம பாத்துக்க."

மற்ற மூன்று கறுப்பும் நல்ல விலைக்குப் போயின. 1911 யானைக்கு எடைக்கு மேலே கொஞ்சம். மீதி ஆறு பளபளப்பும் சேட்டுக் கடையில் எடைக்கு. கூட்டிப் பார்த்தால் இருபதாயிரத்துக்கு நாலாயிரத்துச் சொச்சம் துண்டு விழுந்தது. நான் கிரிக்கெட்டை ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே பார்த்திருந்தால் துண்டு விழுந்திருக்காது. கணக்குப் புத்தகத்தில் அந்த நாலாயிரத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தேய்மானம்!

இப்போது எங்கள் வீட்டில் புளி குழம்புக்கு மட்டும். பேஸ்ட் பல்லுக்கு மட்டும். விபூதி நெற்றிக்கும் விளக்குக்கும். 1862 விக்டோரியா பாட்டி வைத்த பொட்டோடு அலமாரியில் இருக்கிறாள்.

துண்டு விழுந்த அந்த நாலாயிரத்துக்கு என்ன வழி என்கிறீர்களா? அதற்குத்தான் சார் இந்தக் கட்டுரை! ஆசிரியர் கொஞ்சம் சீக்கிரம் செக் அனுப்பினால் ஓனரும் சிரித்துக்கொண்டே இருப்பார்.